கண்ணின் வெள்ளை

அண்ணன் வீட்டுக்கு நான் ஏழு ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த ஏழு வாரமும் அவன் வயிற்றுக்குள் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியாது, அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தை அந்த நாட்களில் என்னைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இமை மயிரை எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்த்ததைத் திருத்தவும் செய்தேன்.

நான் முகங்களை வரைந்து பிழைக்கிறவள். எண்ணெய் வண்ணம், பெரிய துணி. என்னிடம் வருகிற யாரும் தங்கள் முகம் வேண்டுமென்று வருவதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததாகத் தாங்களே நம்பிக்கொண்டிருக்கிற முகம்தான் அவர்களுக்கு வேண்டும். கண்ணுக்கடியில் அந்தக் கருப்பு வேண்டாமே, தாடையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்களேன், பல் வெள்ளையாக இருக்கட்டும், கண் பளிச்சென்று இருக்கட்டும். பதினெட்டு வருஷமாக ஊரார் கண்ணை வெளுத்துக் கொடுத்து என் கை அதற்கே பழகிவிட்டது.

இந்தக் காலத்தில் யாரும் மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார மாட்டார்கள். அதனால் படம் எடுத்துவந்து அதைப் பார்த்து வரைகிறேன். எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் பெயரும் இருட்டால் வந்த பெயர்தான். ஒரே ஒரு விளக்கு, முகத்தில் பாதி வெளிச்சம், மீதி நிழல். ஃபிளாஷ் போட்டால் முகம் அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி தட்டையாகிவிடும். ஆகவே முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸை அகலத் திறந்து, கேமராவின் ஒளி உணரும் அளவான ஐஎஸ்ஓவை மணல் மணலாகப் புள்ளி விழத் தொடங்குகிற இடம் வரைக்கும் ஏற்றி, ஷட்டரை மெதுவாக விடுவேன். எதிரே இருக்கிறவர் அரை நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

இதில் நிறம்தான் பெரிய தொல்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள். நம் கண் அதற்குச் சீக்கிரம் பழகிக்கொள்ளும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் முதல் படத்தின்போது உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ளங்கை அளவு சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த அட்டையின்மேல் ஒரு கிளிக். இதில் நிறமே இல்லை என்று அதற்குச் சொல்கிறோம். அதை அப்படியே நம்பி, அறையில் இருக்கும் மற்ற எல்லா நிறத்தையும் அதற்கேற்ப அது நகர்த்திவிடும். எதைத் தொட்டு வெள்ளை என்கிறோமோ அதுதான் அதற்கு வெள்ளை. நாம் தப்பாகத் தொட்டாலும் மறுபேச்சுப் பேசாது.

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் பட்டால் மண்டைக்குள் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும் என்பான். பார்க்கிற வேலையும் அதற்குத் தோதானது. ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜன்னலே இல்லாத அறையில், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பான். வெளியே வந்தால் கருப்புக் கண்ணாடி. வீட்டில் தடித்த திரை, மூலையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. குடும்பத்தில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். அவன் எனக்கு வைத்த பெயர் கொசு. காதருகில் ஓயாமல் சத்தம் போடுகிறேனாம்.

அண்ணி தையல்காரர். கடைத்தெருவில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். "இந்த வீட்ல ஊசியில நூல் கோக்கணும்னா வாசப்படிக்குத்தான் போகணும்" என்று சிரிப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மஞ்சள் வெளிச்சத்தில் குடித்தனம் நடத்துகிறவர் அவர்.

அந்த வருஷம் ஒரு கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காசு கொடுத்து யாரும் வரையச் சொல்லாத முகமாக, பெரிதாக, ஒரே ஒரு படம் கொண்டுவா என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. இருட்டுக்கென்றே பிறந்த ஒருவன் என் வீட்டு மனிதனாகவே இருக்கும்போது வெளியே ஏன் தேடவேண்டும்?

முதல் ஞாயிறு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணி தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தான். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அட்டையைக் கையில் கொடுத்தேன்.

"என்ன இது, போலீஸ் ஸ்டேஷன்ல நம்பர் பலகை புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி?"

"பேசாம இரு. வாய் அசைஞ்சா மூணு உதடு விழும்."

"உனக்கு எத்தனை உதடு இருந்தாலும் பத்தாது" என்றான். அந்தப் படத்தில் அவன் வாய் உண்மையிலேயே கலங்கித்தான் போயிருந்தது.

இரண்டாம் வாரம் அட்டையைக் காணோம். முந்தின நாள் ஒரு பல் டாக்டரை வரைவதற்காகப் படம் எடுக்கப் போயிருந்தேன், அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன். நாளைக்குப் போய் வாங்கலாம், நாளை மறுநாள் வாங்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். என் சோம்பேறித்தனம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அட்டை இல்லாவிட்டால் என்ன, என்னிடம்தான் குறுக்குவழி இருக்கிறதே. முகத்திலேயே வெள்ளையான இடம் ஒன்று இருக்கிறது. கண்ணைப் பெரிதாக்கு, கருவிழிக்குப் பக்கத்து வெள்ளையின்மேல் ஒரு கிளிக் வை, வேலை முடிந்தது. எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். அவர்களுக்கும் அதுதானே வேண்டும், கண் பளிச்சென்று ஆகிவிடும். அண்ணன் படத்திலும் கிளிக் வைத்தேன். பளிச்சென்று ஆனது.

மூன்றாம் வாரம் அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஷட்டர் திறந்திருக்கும்போதே முழங்கையைச் சொறிந்தான், கணுக்காலைச் சொறிந்தான், முதுகை நாற்காலியில் தேய்த்தான். இருபது படம் எடுத்தால் பதினெட்டில் கை புகை மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"உனக்கு என்ன சிரங்கா? அரை நொடி சும்மா இருக்க முடியாதா?"

"தெரியல. ரெண்டு மூணு நாளா உடம்பெல்லாம் நமநமன்னு இருக்கு. உங்க அண்ணி சோப்பை மாத்திட்டா போல."

"குளிக்கிறியா, அதைச் சொல்லு முதல்ல."

சிரித்துக்கொண்டே சொறிந்தான். அந்தச் சிரிப்பும் சேர்ந்து கலங்கிப்போனது. நான் ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்றி, ஷட்டரை வேகமாக்கி, அவன் சொறிவதைப் படத்திலிருந்து ஒழித்துக்கட்டினேன்.

அன்றைக்கு வீட்டில் படத்தைத் திறந்தபோது ஒன்று உறுத்தியது. கண் வெள்ளையாக இருந்தது, தோலும் சரியாக இருந்தது, ஆனால் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் லேசாக நீலம் பூத்திருந்தது. சட்டையும் அப்படித்தான். அதற்கான காரணம் என் கைவசம் தயாராக இருந்தது, அதுதான் கொடுமை. மஞ்சள் விளக்குக்கு ஏற்றபடி நிறத்தைச் சரிசெய்தால், திரையின் இடுக்கு வழியே கசிகிற பகல் வெளிச்சம் நீலமாகத்தான் விழும். இந்தத் தொழிலில் இருக்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால், சுவர் ஏன் நீலமாக இருக்கிறது என்று நாலு பேரைக் கேட்டிருப்பேன். தெரிந்தவளாக இருந்ததால் யாரையும் கேட்கவில்லை.

நான்காம் வாரம் அவன் முகம் அழகாகிவிட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். கன்னத்தில் இருந்த சதை வற்றி எலும்பு மேலே வந்திருந்தது. கண்குழியில் நிழல் நின்றது. ஒரே விளக்கை வைத்துக்கொண்டு வரைகிறவளுக்கு இதைவிட நல்ல முகம் கிடைக்காது. முன்பெல்லாம் அவன் முகத்தில் நிழல் வழுக்கிக்கொண்டு போய்விடும், இப்போது போன இடத்தில் தங்கியது. எனக்கு ஒரே குஷி.

"எளைச்சுட்டடா அண்ணா. சூப்பரா இருக்கு. படம் முடியற வரைக்கும் இப்படியே இரு."

"சாப்பாட்டைப் பாத்தாலே பிடிக்கல கொசு. வாசனை வந்தாலே எழுந்து போயிடறேன்."

"நல்லதுதான். தொப்பையை வரையற வேலை எனக்கு மிச்சம்."

அப்போது அண்ணி கடையில் இருந்தார். கல்யாண சீசன், ஞாயிற்றுக்கிழமையும் கடை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் நாற்காலியிலிருந்து எழும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நான் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் ஞாயிறைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு லேப்டாப்பையும் கொண்டுபோயிருந்தேன். நான் விளக்கை நகர்த்திக்கொண்டிருக்கையில் அவனாகவே பேச்சை எடுத்தான்.

"ஏய், என் மூஞ்சி ஒரு மாதிரி இல்ல?"

"எப்பவும் ஒரு மாதிரிதான்."

"வெளையாடாத. நேத்து ஆபீஸ் லிஃப்ட்ல கண்ணாடியைத் துடைக்கக் கழட்டினேன். எதிர்ல நிலைக்கண்ணாடி. கண்ணெல்லாம் மஞ்சளா தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமான்னு பாக்கறேன்."

"உன் வீட்ல எதுதான் மஞ்சளா இல்ல? இதுலயே கிடந்து உன் கண்ணு கெட்டுப்போச்சு."

"இது வீடு இல்லடி, லிஃப்ட்."

நான் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். முந்தின வாரம் எடுத்த படம். கண்ணைப் பெரிதாக்கி, திரை முழுவதும் நிரப்பிக் காட்டினேன். "இது போன ஞாயித்துக்கிழமை எடுத்தது. பாரு. எங்க இருக்கு மஞ்சள்? என் கண்ணைவிட வெள்ளையா இருக்கு. இது என்ன லிஃப்டுல மாட்டின கண்ணாடியா? நரம்பு நரம்பா தெரியுது பாரு."

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். சைகையால் இன்னொரு கண்ணையும் காட்டச் சொன்னான், காட்டினேன். பிறகு அவன் தோள் இறங்கியது. ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"ஆமா. நல்லாத்தான் இருக்கேன். லிஃப்ட்ல டியூப்லைட்டு, அதுதான் போல."

"டாக்டருக்குக் குடுக்கற நேரத்தை எனக்குக் குடு. நேரா உக்காரு."

நேராக உட்கார்ந்தான். டாக்டரிடம் போகவில்லை.

ஆறாம் வாரம் படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. அண்ணி அதிசயமாக ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தார். பெரிய துணியின் முன்னால் கைகட்டி நின்று பார்த்தார். கண் நிறையத் தண்ணீர். "அப்படியே இருக்கார்" என்றார். கொஞ்சம் கழித்து, தயங்கித் தயங்கி, "சட்டை மட்டும் நீலமா இருக்கே?" என்றார்.

"அது வெள்ளைதான் அண்ணி. அந்த அறையில வெளிச்சம் அப்படி விழுது."

"இல்ல, நான் தைச்ச சட்டை. சுத்த வெள்ளைத் துணி. எங்க வீட்டு விளக்குல அது பால் வெள்ளையா, கொஞ்சம் மஞ்சளாக்கூட தெரியலாம். நீலமா எப்படித் தெரியும்?"

துணியின் நிறத்துக்குத் தோதாக நூலைக் கண்ணாலேயே எடுக்கிறவர் அவர். நான் என்ன செய்தேன்? திரை இடுக்கு, பகல் வெளிச்சம், கேமராவின் கணக்கு என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினேன். பெரிய மேதாவி. அவர் பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். "எனக்கென்னம்மா தெரியும், நீ படிச்சவ" என்றார். நானும் அதை ஒப்புக்கொண்ட மாதிரி நின்றேன்.

ஏழாம் ஞாயிறு அட்டை திரும்பி வந்தது. பல் டாக்டர் ஒரு உறையில் போட்டு அனுப்பியிருந்தார். கடைசியாகக் கண்களை மட்டும் ஒருமுறை எடுத்துவிட்டு முடித்துக்கொள்வதாக இருந்தேன். அட்டையைக் கொடுத்தேன். அவன் கை மெலிந்து, கடிகாரம் முழங்கை வரைக்கும் போய் வந்தது. அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அண்ணி வீட்டில்தான் இருந்தார், சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

எடுத்த படத்தை அங்கேயே லேப்டாப்பில் ஏற்றினேன். வெகுநாள் கழித்து ஒழுங்காக அட்டையின்மேல் கிளிக் வைத்தேன்.

சுவர் வெள்ளையானது. சட்டை வெள்ளையானது. அண்ணன் மஞ்சளானான்.

அட்டை அழுக்காகியிருக்கும் என்று நினைத்தேன். சுவரின்மேல் கிளிக் வைத்தேன். அதே மஞ்சள். சட்டைக் காலரில் வைத்தேன். அதே மஞ்சள். நெற்றி, கழுத்து, உதட்டோரம், எல்லாவற்றையும்விடக் கண். அவனுடைய கண்ணில் கிளிக் வைத்தபோது மட்டும் அவன் நல்லபடியாக ஆனான், அறை முழுக்க நீலமாகியது. திரும்ப அட்டையில் வைத்தேன்.

எழுந்து போய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் இழுத்தேன்.

"ஐயோ! என்னடி பண்ற!" என்று அலறிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். அந்தக் கைகளே போதும். பகல் வெளிச்சத்தில் அந்தப் புறங்கைகள் பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தன. சத்தம் கேட்டு அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தைப் பார்க்கிறார். நான் அவன் கைகளை விலக்கினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ தொற. அண்ணா, ஒரே ஒரு தடவ."

திறந்தான். அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சோதனை. கணையத்தில் கட்டி, அது பித்தக்குழாயை நெரித்திருந்தது. அதனால்தான் மஞ்சள், அதனால்தான் அரிப்பு, அதனால்தான் சாப்பாடு பிடிக்காமல் போனது. வலி இல்லாமல் வருகிற மஞ்சள்தான் பயப்படவேண்டியது என்றார் டாக்டர். கட்டி பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டதால் இப்போது அறுவை செய்ய முடியாது. குழாய் ஒன்றை வைத்துப் பித்தத்தை வடியவிடலாம், மருந்து ஏற்றலாம், நாளைத் தள்ளலாம்.

"எப்போலேர்ந்து மஞ்சளா இருக்கார்?" என்று கேட்டார்.

அண்ணி திருதிருவென்று விழித்தார். "தெரியலையே டாக்டர். எங்க வீட்ல வெளிச்சம் கம்மி. போன ஞாயித்துக்கிழமைதான் பாத்தோம்."

"எடை குறைஞ்சுதா?"

அப்போதுதான் அவர் உடைந்தார். "பேன்ட் லூசாயிடுச்சுன்னார். இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தேன். பதினஞ்சு நாள்ல மறுபடியும் லூசாச்சு, மறுபடியும் பிடிச்சேன். என் கையாலயே ரெண்டு தடவ பிடிச்சேன் டாக்டர். நாலு இன்ச்சு. கூறு கெட்டவளுக்கு அப்பவும் உறைக்கல." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். கேமரா எடுத்த மூலப் படங்கள் எப்போதும் அப்படியே இருக்கும். நாம் செய்கிற திருத்தம் எல்லாம் மேலே போர்த்திய துணி மாதிரி, எடுத்துவிடலாம். எடுத்தேன். ஒவ்வொரு வாரத்துப் படத்திலும் சுவரில் கிளிக் வைத்தேன். முதல் ஞாயிறு, கண் சுத்தமாக இருந்தது. இரண்டாம் ஞாயிறு, ஓரத்தில் லேசாக, தெரிந்தும் தெரியாமலும். மூன்றில் சந்தேகமே இல்லை. ஐந்தில் எந்தக் குருடனுக்கும் தெரியும். தேதியும் மணியும் நிமிஷமும்கூட ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் மட்டும் தனியாகப் போய்க் காட்டினேன். செய்த தப்பையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தேதிகளைக் குறித்துக்கொண்டார்.

"மூணாவது வாரமே கூட்டிட்டு வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாமா டாக்டர்?"

"பண்ணியிருக்கலாம். பண்ண முடியாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன், இல்லை என்றால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

குழாய் வைத்து இரண்டு வாரத்தில் மஞ்சள் இறங்கிவிட்டது. எந்தத் திருத்தமும் இல்லாமல் அண்ணன் கண் வெள்ளையானது. மற்ற எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. அண்ணி கடையைத் திறந்துவிட்டு வரப் போயிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் முடித்ததும், "நீ எனக்குக் காட்டினது எது?" என்றான்.

நான்காம் வாரத்துப் படத்தைத் திறந்தேன், முதலில் என் திருத்தத்தோடு, பிறகு அது இல்லாமல்.

"ம்." மறுபடியும் மாற்றிக் காட்டச் சொன்னான். மாற்றினேன். மறுபடியும் "ம்" என்றான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லாத."

"சொல்லணும்ணா. அண்ணி தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க. பேன்ட்டைப் பிடிச்சேன், பேன்ட்டைப் பிடிச்சேன்னு..."

"கேட்டேன். எனக்கும் காது இருக்கு." மூச்சு வாங்கினான். "நான் போனப்புறம் அந்த வீட்டுக்கு வந்து போக அவளுக்கு வேற யாரு இருக்கா? நீதான். அவ கதவைத் திறந்து உன் மூஞ்சியைப் பாக்கணும். நீ சொல்லிட்டேன்னு வை, திறப்பாளா?"

"உனக்கு என்மேல கோபம் இல்லியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கு. ரொம்ப இருக்கு" என்றான். அந்த வெள்ளைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தான். "இப்ப போ. நாளைக்கு வா."

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கண்காட்சித் தேதி வந்து போனது, நான் எதையும் அனுப்பவில்லை. ஒரு மாதத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

நேற்று மத்தியானம் அண்ணி கூப்பிட்டார். "அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வாயேன்" என்றார். போனேன். அண்ணன் உள்ளறையில் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான், மூச்சு வாசல் வரைக்கும் கேட்டது. அண்ணி என்னைக் கூடத்தில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு படம் பெருசா போட்டுத் தரணும். சட்டம் போட்டு மாட்டற மாதிரி." எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இப்பவே எடுத்து வச்சுடு. அப்புறம் அந்த நேரத்துல என்னால தேட முடியாது."

நான் வாடிக்கையாளர்களுக்காகத் திருத்திவைக்கிற தொகுப்பைத்தான் திறந்தேன். மூலப் படங்கள் வேறு இடத்தில், கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னார். முதல் ஞாயிறு வாய் கலங்கிய படத்தைப் பார்த்துச் சிரித்தார். தள்ளிக்கொண்டே போனவர் ஒன்றில் நிறுத்தினார். நான்காம் வாரம். கன்னத்தில் நிழல், விளக்கின் துளி இரண்டு கண்ணிலும், வெள்ளை வெளேரென்று கண்.

"இதுதான்" என்றார். விரலால் திரையைத் தொட்டார். "பாரேன், எவ்வளவு லட்சணமா இருக்கார். கண்ணு எவ்வளவு தெளிவா இருக்கு. இப்படி இருந்த மனுஷனை நான் கோட்டை விட்டுட்டேனே. என்கூடவே ஒரே வீட்ல இருந்தார், எனக்குத் தெரியாம போச்சே."

உள்ளே அவன் இருமினான். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். இருமல் நின்றது. அண்ணி மறுபடி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது, இந்தச் சனியனெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எடுத்ததுதானே?"

"ஆமா அண்ணி" என்றேன்.